மாவு விதவையின் இடது காது

முகத்தில் வரையக் கடினமானது மூக்கு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் காதுதான். இருபத்தாறு வருடமாகப் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒழுங்காக ஒரு காது வரைந்த மாணவனை நான் பார்த்ததில்லை. மூக்கு கோணினால் அது வேறு யாருடைய மூக்காகவோ ஆகிவிடும், அவ்வளவுதான். காது கோணினால் கசாப்புக் கடையில் தொங்குகிற ஏதோ ஒன்றாகிவிடும்.

இதை முதலில் சொல்லக் காரணம், விசாரணையில் நீங்களும் முதலில் காதைப் பற்றித்தான் கேட்டீர்கள். மேசைமேல் எங்கள் ஊர்ப் பண நோட்டை வைத்து, “இந்தக் கிழிந்த காது உங்கள் கைவேலையா?” என்றீர்கள். ஆமாம் ஐயா, என் கைவேலைதான். எழுத்தர் எழுதிக்கொள்ளட்டும்: லேபரெஷ்ட் க்வாஸ்ட், வயது ஐம்பத்திரண்டு, மணமாகாதவன், அல்ட்டன்ராடே ஊர்ப் பள்ளியில் ஓவிய ஆசிரியன். எங்கள் ஊர் வெளியிட்ட ஐந்து நோட்டுகளையும் வரைந்தவன் நான். ஆறாவதையும் நான்தான் வரைந்தேன். அது இன்னும் அச்சேறவில்லை. அதைப் பற்றிக் கடைசியில் ஒரு விண்ணப்பம் வைத்திருக்கிறேன்.

பன்றி விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். அதற்காகத்தானே கோயில் பதிவேட்டை இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் திறந்து வைத்திருக்கிறீர்கள்.

1921-ம் வருடம் வசந்தகாலத்தில் மேயர் ஹாகெடோர்ன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போரில் செம்பும் நிக்கலும் பீரங்கிக்குப் போய்விட்டதால் நாட்டில் சில்லறைக் காசே கிடையாது. ஒவ்வொரு ஊரும் தானே சின்ன நோட்டு அடித்துக்கொண்டது. அடித்ததைப் பார்த்தால் அழகாக இருந்தது. வெளியூர்க்காரர்கள் ஆல்பத்தில் ஒட்டி வைக்க வாங்கத் தொடங்கினார்கள். ஆல்பத்தில் ஒட்டிய நோட்டு ஊருக்குத் திரும்பி வருவதில்லை. அதில் ஊருக்கு நல்ல லாபம். ஆனால் நோட்டில் ஒரு கதை வேண்டும். அந்த ஊரில் பழங்காலத்தில் நடந்த கதை, படம் படமாக, கீழே இரண்டு வரிப் பாட்டோடு.

மேயர் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. “வாத்தியாரே, மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரன் கரடியை வெச்சு நோட்டு போட்டான், பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கூரை வந்துடுச்சு. ஆத்துக்கு அக்கரையில முட்டைக்கோசு தின்ன கழுதையை வெச்சு தெருவிளக்கே போட்டுட்டாங்க. நம்ம ஊர்ல ஒரு கழுதைகூடவா இல்ல?”

“கழுதை நிறைய இருக்குங்க, மேயர் ஐயா. கதைதான் இல்ல.”

“தேடுங்க. கோயில் பதிவேட்டுல இல்லாமலா போயிடும்?”

மூன்று வாரம் தேடினேன். பிறப்பு, ஞானஸ்நானம், அடக்கம், மணிக்கூண்டு ரிப்பேர். முந்நூறு வருடத்தில் எங்கள் ஊரில் நடந்த ஒரே சம்பவம், 1688-ல் பாதிரியாரின் பன்றி காணாமல் போனது. ஒன்பது நாள் கழித்து அது தானாகவே திரும்பி வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருப்பது அதுதான். பன்றியை வைத்து ஆறு படம் வரைய முடியாது. முயன்று பார்த்தேன், மூன்றாவது படத்திலேயே அது வீட்டுக்கு வந்துவிட்டது.

ஆகவே நான் ஒரு கதை எழுதினேன். பழைய போர்க்காலம். ஊரைச் சுற்றிப் படை நிற்கிறது, ஊருக்குள் பஞ்சம். கையுறை தைக்கும் ஒரு விதவை வாசலில் நின்று ஏழைகளுக்குத் தண்ணீர் போன்ற சூப்பை அகப்பையால் ஊற்றுகிறாள். எல்லோரும் அவளை வாழ்த்துகிறார்கள். ஆனால் நிலவறையின் இரட்டைச் சுவருக்கு நடுவில் நாற்பது மூட்டை மாவு வைத்திருக்கிறாள். கதவைச் சாத்திக்கொண்டு ரொட்டி சுடுகிறாள். வாசனை காட்டிக்கொடுக்கிறது. ஊர் அவள் வாசலில் வந்து நிற்கிறது. அவளுக்கு மாவு விதவை என்று பெயர் வைத்தேன். மேயரிடம் “பதிவேட்டில் கிடைத்தது” என்றேன். ஒரு நம்பகத்துக்காக நோட்டின் மூலையில் சின்ன எழுத்தில் ‘கோயில் பதிவேடு, பக்கம் 212’ என்றும் போட்டேன். மேயர் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நம்ம முன்னோருங்க எவ்வளவு கஷ்டப்பட்டிருக்காங்க” என்றார். பன்றியைப் பற்றி அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

படத்துக்கு ஒரு பெண்முகம் வேண்டியிருந்தது. என் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு திருமதி ஒட்டிலி ரெம்பே. கணவர் இறந்து அப்போது பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. திருமதி ரெம்பேயும் கையுறை தைப்பவர்தான். விதவையாகவும் கையுறைக்காரியாகவும் கதையில் நான் முதலிலேயே எழுதிவிட்டிருந்தேன். பிறகுதான் அவர் நினைவுக்கு வந்தார். முழுமைக்காக இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போருக்கு முன் ஒருமுறை எங்கள் இருவருக்கும் இடையில் திருமணப் பேச்சு எழுந்தது உண்டு. எழுப்பியவன் நான். அது நடக்கவில்லை. இந்த விஷயத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

மூன்று ஞாயிற்றுக்கிழமை அவர் எனக்காக ஜன்னலோரம் உட்கார்ந்தார். அசையாமல் உட்கார அவருக்கு வராது. “என் மூஞ்சி நோட்டுலயா? ஜனங்க காசே வேணாம்னு ஓடிடப் போறாங்க” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கதை நான் கட்டியது என்று அவரிடம் மட்டும் சொன்னேன். ஊருக்கு சூப் ஊற்றும் நல்லவளாக வரைகிறேன் என்றும் சொன்னேன். இரண்டாம் படத்தைப் பொறுத்தவரை அது உண்மை.

எங்கள் தொழிலில் கரிக்கோட்டை அழிக்க ரப்பர் உதவாது, பூசிவிடும். ரொட்டியின் உள்சதையைப் பிசைந்து உருட்டி அதால்தான் ஒற்றி எடுப்போம். அவர் சுட்ட ரொட்டி அதற்கு மிகவும் பொருத்தமாக இருந்தது, ஈரப்பதம் சரியாக இருக்கும். நான் பிய்த்துப் பிசைவதைப் பார்த்துவிட்டு அவர், “தின்னக் குடுத்தா அதாலயே என் மூஞ்சிய அழிக்கறீங்களே வாத்தியாரே” என்றார். அந்தக் காலத்தில் எங்களுக்குள் இப்படிச் சாதாரணமாகப் பேச்சு இருந்தது.

அவருடைய இடது காதின் மடல் கிழிந்து இரண்டாகப் பிரிந்திருக்கும். சிறு வயதில் சந்தை ராட்டினத்தில் தோடு மாட்டி இழுத்துவிட்டது. அதனால் எப்போதும் முடியை இடது பக்கம் இறக்கிக் கட்டுவார். ஜன்னல் வெளிச்சம் இடது பக்கம்தான் விழுந்தது. முடியைக் கொஞ்சம் ஒதுக்கச் சொன்னேன். அவர் தயங்கினார், பிறகு ஒதுக்கினார்.

ஐந்து நோட்டும் அச்சாகி வந்தன. மூன்றாம் படத்தில் ரொட்டியை ஒளிக்கிறவள் முகத்தை அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

“நான் கெட்டவளா ஆகணும்னு எப்போ முடிவு பண்ணீங்க? சூப்பு ஊத்தறப்பவா, ஊத்தி முடிச்சப்புறமா?”

“கதைக்கு அது தேவைப்பட்டது” என்றேன்.

“சரி போங்க. ஊருக்குத் தெருவிளக்கு வருதுன்னா நான் கெட்டவளாவே இருந்துட்டுப் போறேன்.”

தெருவிளக்கு வந்தது. நான்கு கம்பம். அதில் ஒன்று அவர் வீட்டு வாசலில்.

ஆறாவது படம் மட்டும் நின்றுபோனது. கதையின் முடிவை நான் எழுதவில்லை. எப்படி முடிப்பது என்று எனக்கே தெரியாமல் இருந்தது. ஐந்தாவது படத்தில் ஜனங்கள் தீப்பந்தத்தோடு வாசலில் நிற்கிறார்கள், அதோடு சரி. அதற்குள் 1922-ம் வருடக் கோடையில் ஊர் நோட்டுகள் கூடாது என்று பெர்லினில் உத்தரவு போட்டுவிட்டார்கள். மீதமிருந்த தாள்களை நகரமன்றத்தின் பரணில் கட்டுக்கட்டாக அடுக்கினோம்.

அந்த வருடம்தான் பத்தாயிரம் மார்க் நோட்டு வந்தது. உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். பழைய ஓவியம் ஒன்றிலிருந்து எடுத்த ஒரு மனிதனின் முகம், ரோமக் கழுத்துப்பட்டி. நோட்டைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தால் அவன் கழுத்தில் ஒரு பேய் வாய் வைத்து ரத்தம் குடிப்பது தெரிகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. பேய்க்கு ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். அவரவருக்கு யாரைப் பிடிக்காதோ அவர் பெயர். அது கழுத்து நிழல், வேறொன்றும் இல்லை என்று மதுக்கடையில் நான் விளக்கினேன். ஒருவரும் ஏற்கவில்லை. அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. விலைவாசி வாரத்துக்கு வாரம் ஏறியதில், நோட்டில் அச்சிட்ட எண்ணை நம்புவதை ஜனங்கள் நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதில் அரசாங்கக் கழுகு இருக்கிறது, முத்திரை இருக்கிறது, இரண்டு கையெழுத்து இருக்கிறது. அத்தனை அதிகாரமும் எங்கேயாவது போய்ச் சேரவேண்டும் அல்லவா. அது படத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. புதுக் குடியரசின் கழுகே கிரீடம் போய் இறகு பிடுங்கிய கோழி மாதிரி இருந்தது. அதைப் பார்த்துச் சிரித்தவர்கள்கூட அதற்குக் கீழே எழுதியிருந்ததை நம்பினார்கள். எங்கள் ஜனங்கள் முத்திரை வைத்த தாளைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

பீப்பாய் செய்யும் க்ரூபே ஒரு பூதக்கண்ணாடி வாங்கினார். இப்போது உங்கள் காவலில் இருக்கும் ஆறு பேரில் உயரமானவர். நல்ல மனிதர், இரண்டு மகன்களைப் போரில் கொடுத்தவர். பீப்பாய்க்கு அப்போது யாரிடமும் தேவை இல்லை, அவருக்கு நேரம் நிறைய இருந்தது. கையில் கிடைத்த நோட்டையெல்லாம் கண்ணாடி வைத்துப் பார்ப்பார். ஒருநாள் எங்கள் ஊர் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டார்.

“பெர்லின்காரன் பேயை ஒளிச்சு வெச்சான். நீங்க என்னத்த ஒளிச்சு வெச்சிருக்கீங்க வாத்தியாரே?”

“நான் எதையும் ஒளிக்கல, க்ரூபே.”

“ஒளிச்சவன் அப்படித்தான் சொல்லுவான்.” கண்ணாடி மூன்றாம் படத்தின்மேல் நின்றது. “இந்தக் காதை நான் எங்கயோ பாத்திருக்கேனே.”

நான் பீரைக் குடித்து முடித்தேன். மறுத்திருக்கலாம். மறுத்தால் காது சரியாக வரவில்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

பிறகு இந்த வருடம் ஆகஸ்டில் பணம் அச்சடிக்கப் பெர்லினில் தாளே போதவில்லை; பழையபடி நீங்களே அடித்துக்கொள்ளுங்கள் என்று ஊர்களுக்கு அனுமதி வந்தது. புதிதாக வரைய நேரம் இல்லை. பரணில் இருந்த மாவு விதவையைக் கீழே இறக்கி, ஐம்பது ஃபெனிக், அதாவது அரை மார்க், என்று இருந்த இடத்தில் சிவப்பு மையால் ஐந்து லட்சம் மார்க் என்று அடித்தோம். அடுத்து ஐம்பது லட்சம், அக்டோபரில் ஐம்பது கோடி. முன்பு ஆல்பக்காரர்கள் மட்டும் பார்த்த படம் இப்போது ஊரில் ஒவ்வொரு கையிலும். ரொட்டிக் கடை வரிசையில் நிற்பவர்கள் அதையேதான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடையில் பார்க்க வேறொன்றும் இருக்கவில்லை. சிவப்பு மை சரியாக அந்தப் பெண்ணின் கழுத்தில் விழுந்திருந்தது. அது அச்சகத்தின் பிழை, என்னுடையது அல்ல.

திருமதி ரெம்பே நோட்டு வாங்குவதையே நிறுத்திவிட்டிருந்தார். குடியானவர்கள் தாளை வாங்க மறுத்தார்கள், கையுறையை வாங்கினார்கள். ஒரு ஜோடிக்கு நான்கு பவுண்டு மாவு. மலைக்கிராமங்களுக்கு நடந்து போய் வருவார். சனிக்கிழமை சுடுவார். அந்தத் தெருவில் அப்போது சனிக்கிழமை ரொட்டி வாசனை வந்த ஒரே வீடு அதுதான். சுட்டதில் பாதியைத் துணியில் சுற்றி என் வீட்டு ஜன்னலில் வைத்துவிட்டுப் போவார். என் சம்பளம் வாங்கிய நாளிலேயே ஒன்றுமில்லாமல் ஆகிவிடும் என்று அவருக்குத் தெரியும். அவரிடம் எவ்வளவு மாவு இருந்தது என்பதை இந்த உலகத்தில் என்னைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. அவருடைய உருளைக்கிழங்கை நிலவறைக்குச் சுமந்து இறக்கியவன் நான். ஒரு தலையணை உறை, அதில் பாதி. நிலவறைச் சுவர் இரட்டைச் சுவர்தான். ஈரம் ஏறாமல் இருக்க அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். என் வீட்டுக்கும்.

அக்டோபர் இருபத்துமூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை மேயர் வந்து, ஆறாவது நோட்டு உடனே வேண்டும் என்றார். “புதுப் படம் ஒண்ணு வந்தா ஜனங்களுக்கு ஒரு தெம்பா இருக்கும். கதை முடிஞ்ச மாதிரியும் ஆச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துடுங்க.” அன்று மத்தியானம் மதுக்கடைக்குப் போனேன். க்ரூபேயும் இன்னும் சிலரும் கிழங்குச் சூப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் வரைந்த சூப்பைவிட அது தண்ணியாக இருந்தது.

இங்கே நடந்த பேச்சை க்ரூபே உங்களிடம் சொன்னபடியே நானும் சொல்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை.

“அவளை என்னதான் பண்ணாங்க வாத்தியாரே? அஞ்சோட நிறுத்திட்டீங்களே.”

“பதிவேட்டுல அந்த இடத்துல எழுத்து மங்கியிருக்கு. சரியாத் தெரியல.”

“உத்தேசமா?”

“ஆத்தங்கரை மாவு ஆலை மதகுக்குக் கூட்டிட்டுப் போனதா இருக்கு. மாவு எங்கேன்னு கேக்கறதுக்கு.”

“சொன்னாளா?”

“அதுதான் தெரியல.”

“எந்த நாள்னு போட்டிருக்கா?”

“வியாழக்கிழமைன்னு படிச்ச ஞாபகம்.”

அவ்வளவுதான் பேசினோம். க்ரூபே நோட்டை மடித்து மேல்பையில் வைத்துக்கொண்டார். அவர் பக்கத்தில் இருந்தவர், “ஒட்டிலி வீட்டுலயும் இரட்டைச் சுவர்தானே?” என்று பொதுவாகக் கேட்டார். அவரும் இப்போது உங்கள் காவலில் இருக்கிறார். நான் சூப்பில் உப்புப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஏன் வியாழக்கிழமை என்று நேற்றே கேட்டீர்கள். வியாழக்கிழமை காலையில் எனக்கு வகுப்பு கிடையாது.

இருபத்தைந்தாம் தேதி காலை ஏழு மணிக்கு மதகுக்கு எதிர்க்கரையில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஏழு பென்சில் சீவி வைத்திருந்தேன், கரித்துண்டு தனியாக. அக்டோபரில் அந்த நேரத்து வெளிச்சம் படத்துக்கு நல்லது. தண்ணீரில் பட்டு முகத்தில் கீழிருந்து விழும். முதலில் மதகையும் ஆலைச் சக்கரத்தையும் போட்டுவிட்டு நடுவில் இடம் விட்டு வைத்தேன். எட்டரைக்கு சத்தம் கேட்டது.

க்ரூபேயும் கூட்டமும் முதலில் திருமதி ரெம்பே வீட்டு நிலவறைச் சுவரை இடித்திருந்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. தலையணை உறையில் கொஞ்சம் மாவும் ஒரு ஜாடியில் புளித்த மாவும் மட்டும். இருந்திருந்தால் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன். இல்லாததுதான் அவர்களுக்குக் கோபம். நாற்பது மூட்டை என்று நோட்டிலேயே போட்டிருக்கிறது, முத்திரையோடு. அப்படியானால் வேறு எங்கோ ஒளித்திருக்கிறார் என்றுதானே அர்த்தம். கொல்ல யாரும் வரவில்லை. கேட்கத்தான் வந்தார்கள். இதை அவர்கள் சார்பில் நான் உறுதியாகச் சொல்வேன்.

அவரை மதகில் இறக்கி இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தினார்கள். க்ரூபே கேட்டார், அவர் இல்லை என்றார். மறுபடி கேட்டார்கள். தலைமுடி அவிழ்ந்து பின்னால் போய்விட்டதால் இடது காது முழுதாகத் தெரிந்தது. கூட்டத்தில் ஒரு பெண் கையில் நோட்டை வைத்துக்கொண்டு படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். “அதே காதுதான், நான் சொல்லல?” என்றார். அவரை நீங்கள் கைது செய்யவில்லை. செய்யவும் வேண்டாம், பார்த்தார், அவ்வளவுதான்.

அப்போதுதான் திருமதி ரெம்பே என்னைக் கண்டார். நடுவில் முப்பது அடித் தண்ணீர்.

“வாத்தியாரே! அங்கதான் இருக்கீங்களா? சொல்லுங்க இவங்ககிட்ட. அது நீங்க கட்டின கதைன்னு சொல்லுங்க.”

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். க்ரூபேயின் கை அவர் தோளிலிருந்து சற்றுத் தளர்ந்ததை நான் பார்த்தேன். அந்த நேரத்தில் என் வலது கை முழுதாக நீண்டிருந்தது, ஒரு கண் மூடியிருந்தது. ஓவியர்கள் தூரத்து உருவத்தை அப்படித்தான் அளப்போம்: பென்சிலை நீட்டிப் பிடித்து, தலை எத்தனை பென்சில், உடம்பு எத்தனை பென்சில் என்று. நான் அளந்துகொண்டிருந்தேன். ஆனால் அக்கரையிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது வேறு மாதிரித் தெரிந்திருக்கிறது.

“பாத்தீங்களா, வாத்தியாரே காட்டறாரு. இவதான்” என்றார் க்ரூபே.

நான் கையை இறக்கவில்லை. இன்னும் தோளை அளக்க வேண்டியிருந்தது.

அதன்பிறகு பத்து நிமிடம் இருக்கும். பனிமலைத் தண்ணீர், ஐயா. அவர்கள் அவரைத் தண்ணீரிலிருந்து கரைக்கு இழுத்தபோது அவர் பேசும் நிலையில் இல்லை. க்ரூபே கரையில் உட்கார்ந்து அழுதார். “சொல்லியிருக்கலாமே, எங்கன்னு சொல்லியிருக்கலாமே” என்று இறந்தவரையே குறை சொல்லிக்கொண்டு அழுதார். எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. படத்தில் முகம் ஒருபக்கம் கருத்துவிட்டது, வெளிச்சம் போதவில்லை. பையிலிருந்து ரொட்டியை எடுத்துப் பிசைந்து ஒற்றினேன். சனிக்கிழமை ரொட்டிதான். ஐந்து நாள் ஆகியும் உள்ளே மிருதுவாக இருந்தது. மீதியைச் சாப்பிட்டேன்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே என்கிறீர்கள். போதும். இதை நான் நன்றாக யோசித்துவிட்டேன். அவர்கள் ஆறு பேரும் நம்பினார்கள். எனக்கு உண்மை தெரியும். அதனால் அவர்களைவிட என் பொறுப்புதான் அதிகம், தண்டனையும் அப்படியே இருப்பதுதான் நியாயம். கதையைக் கட்டியவன் நான், முகத்தைக் கொடுத்தவன் நான், சுவரையும் இடத்தையும் கிழமையையும் சொன்னவன் நான். கை மட்டும்தான் அவர்களுடையது. ஒட்டிலி ரெம்பேயைக் கொன்றவன் லேபரெஷ்ட் க்வாஸ்ட் என்று எழுத்தர் எழுதட்டும். எழுத்துக்கூட்டலில் சந்தேகம் இருந்தால் நோட்டின் வலது மூலையில் என் கையெழுத்து இருக்கிறது.

விண்ணப்பம் ஒன்று என்றேனே. வெள்ளிக்கிழமை மேயரிடம் ஆறாவது படத்தைக் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டு வெளியே போய் வாந்தி எடுத்தார். அதன்பிறகு என்னிடம் பேசவில்லை. நவம்பரில் பெர்லினிலிருந்து புதுப் பணம் வந்துவிட்டது, இனி ஊர் நோட்டுக்கே வேலையில்லை என்கிறார்கள். அந்தப் புது நோட்டைப் பார்த்தீர்களா? முகமே இல்லை. சுற்றிலும் வெறும் கொடியும் கோடும், நடுவில் எண். ஜனங்கள் அதை வாங்கிப் பார்க்காமலே சட்டைப்பையில் வைக்கிறார்கள். ஒரு வகையில் நல்லதுதான். ஆனால் ஆறு படம் கொண்ட வரிசை ஐந்தோடு நிற்பது சரியல்ல. வழக்குக் கட்டில் இருக்கும் அந்தப் படத்தை, பணமாக இல்லாவிட்டாலும், சும்மா நூறு பிரதியாவது அச்சிட அனுமதிக்க வேண்டும். நான் வரைந்ததிலேயே சிறந்த காது அதில் இருக்கிறது.

இன்னொரு கேள்வி மிச்சம் வைத்திருக்கிறீர்கள், உங்கள் முகத்தில் தெரிகிறது. அந்தப் பழைய திருமணப் பேச்சு. அதை மனதில் வைத்துக்கொண்டு செய்தேனா என்று. இல்லை. எனக்கு ஒட்டிலிமேல் கோபம் இருந்ததே கிடையாது. அது 1912, ஜூன் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மூன்றே முக்கால் மணி. அவள் பச்சை ஏப்ரன் கட்டி செர்ரிப் பழத்துக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள், நான்கு தடவை, மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் இடது காதின்மேல் முடியை இழுத்துவிட்டுக்கொண்டாள். அதையெல்லாம் நான் மறந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, ஐயா.